தடுக்கத்தான் காப்புரிமை, தயாரிக்க அல்ல

காப்புரிமை வாங்கிவிட்டால் அந்தப் பொருளைத் தயாரிக்கும் உரிமை நமக்கு வந்துவிடும் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். நான் இயந்திர வடிவமைப்பில் இருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் முதலில் இந்த நினைப்பைத்தான் உடைக்க வேண்டியிருக்கிறது. காப்புரிமை தருவது மற்றவரைத் தடுக்கும் உரிமை மட்டுமே. உங்கள் புதுமைக்குள் இன்னொருவரின் காப்புரிமை ஒளிந்திருந்தால், சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே சும்மா நிற்க வேண்டியதுதான்.

நீராவி எஞ்சினை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட்டுக்கே அந்த நிலை வந்தது. நீராவியைத் தனிக் கலனில் குளிரவைக்கும் முறைக்கு அவர் 1769-இல் காப்புரிமை பெற்றார். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1775-இல் தனிச் சட்டம் போட்டு அதை 1800 வரை நீட்டித்தது. அதற்குள் யார் எஞ்சினை மேம்படுத்த வந்தாலும் வாட்டும் அவருடைய பங்காளி போல்ட்டனும் குறுக்கே நின்றார்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சின் செய்த ஜொனாதன் ஹார்ன்பிளோவரையும் விடவில்லை. ஆனால் எஞ்சினின் மேல்கீழ் அசைவைச் சக்கரச் சுழற்சியாக மாற்றப் போனபோது வாட்டுக்கே முட்டுக்கட்டை. நீராவி எஞ்சினில் கிராங்கை, அதாவது அசைவைச் சுழற்சியாக்கும் மடக்குத் தண்டை, பயன்படுத்துவதற்கு ஜேம்ஸ் பிக்கார்ட் 1780-இல் காப்புரிமை வாங்கியிருந்தார். கிராங்க் ஒன்றும் புதிதல்ல, பழைய சங்கதிதான். என்ன செய்ய? ஒரு பல்சக்கரம் இன்னொன்றைச் சுற்றிவரும் அமைப்பை வாட் 1781-இல் கொண்டுவந்தார். பார்க்க அழகான அமைப்பு. அதைப் பெற்றெடுத்தது வழக்குப் பயம்!

சரி, யார் எதைத் தடுக்கலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? காப்புரிமை ஆவணத்தை நான் கடைசியிலிருந்துதான் படிப்பேன். எல்லை போடுவது அங்கே எண்ணிட்டு வரும் உரிமைக்கோரல்கள்தான். முதல் கோரலில் ஒரு கூடு, வால்வு, ஸ்பிரிங், அதன் இறுக்கத்தை மாற்றும் திருகு, திருகைப் பூட்டும் நட்டு என ஐந்து உறுப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பென்சிலால் ஒவ்வொன்றாகக் கோடிடுவேன். ஐந்தும் நம் வடிவமைப்பில் இருந்தால் மாட்டிக்கொண்டோம். நட்டு மட்டும் இல்லையென்றால் பெரும்பாலும் தப்பலாம். நட்டுக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் வேறொரு பூட்டு இருந்தால், இரண்டும் ஒன்றுதான் என்று நீதிமன்றம் சொல்லவும் கூடும். பக்கம் பக்கமாக நீளும் கோரலைப் பார்த்து மிரள்வார்கள் புதியவர்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது இரண்டு வரிக் கோரல். நிபந்தனை குறைய வலை அகலும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது கால அளவில். அறிவுசார் சொத்துரிமைக்கான உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தப்படி, விண்ணப்பித்த நாளிலிருந்து குறைந்தது 20 ஆண்டுகள், எந்தத் துறையானாலும். மருந்துக்குச் சோதனைகளிலேயே பல ஆண்டுகள் போய்விடும், மருந்து நிறுவனங்கள் கேட்பதில் நியாயம் உண்டு. (அதே மூலக்கூறின் உப்பு வடிவத்தைக் காட்டி இன்னொரு காப்புரிமை கேட்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.) மென்பொருளுக்கு 20 ஆண்டு என்பது அடாவடி.

காலாவதியானதும் என்ன நடக்கும் என்பதற்கு முப்பரிமாண அச்சைப் பாருங்கள். உருக்கிய பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காகப் படியவைக்கும் முறைக்கு ஸ்காட் கிரம்ப் 1989-இல் விண்ணப்பித்தார். அவருடைய ஸ்ட்ராட்டாசிஸ் நிறுவனத்தின் அந்த அடிப்படைக் காப்புரிமை 2009-இல் முடிந்தது. அதற்கு முன்பே ரெப்ராப் என்ற திறந்த திட்டத்தில் ஆர்வலர்கள் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். அப்புறம் மேசைமேல் வைக்கிற மலிவு விலை அச்சுப்பொறிகள் வரிசைகட்டி வந்தன. அதனால்தான் புது வடிவமைப்பு தொடங்கும்போது நான் முதலில் காலாவதியான ஆவணங்களைத் தேடுகிறேன். படம், செய்முறை எல்லாம் எழுதியே வைத்திருக்கிறார்கள், காசு கேட்கவும் ஆளில்லை.