கோணல் எழுத்து

இன்றைய ஈராக்கில் இருந்த பழைய சுமேரிய நகரமான நிப்பூரில் கிடைத்த களிமண் பலகைகளின் படங்களை நேற்று ராத்திரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டமானவை, உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒவ்வொன்றிலும் ஆசிரியர் அழகாக எழுதிக் கொடுத்தது. கூடவே, மாணவன் அதைப் பார்த்துக் கோணல்மாணலாக எழுதியது. ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்து! நெஞ்சு என்னவோ செய்தது.

கோயிலுக்கும் அரண்மனைக்கும் கணக்கெழுத ஆள் வேண்டியிருந்தது. எவ்வளவு பார்லி வந்தது, யாருக்கு எவ்வளவு கூலி என்று. இந்தப் பலகைகள் எழுதப்பட்ட பள்ளி அதற்காகத்தான். ஆனால் கணக்கோடு நிறுத்தவில்லை, பழமொழி, பாட்டு, கதை எல்லாவற்றையும் எழுத வைத்தார்கள். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் சுமேரிய இலக்கியத்தில் பெரும்பகுதி இந்தப் பிள்ளைகள் எழுதிப் பழகிய பிரதிகள்தான்.

அப்புறம் சீனா. சுய் வம்ச காலத்தில் தொடங்கிய அரசுத் தேர்வு முறை சுமார் 1,300 ஆண்டுகள், 1905 வரை நீடித்தது. நான்ஜிங் தேர்வுக்கூடத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட சிற்றறைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பலகை: பகலில் ஒன்று இருக்கை, ஒன்று மேசை. ராத்திரி இரண்டையும் சேர்த்துப் போட்டால் படுக்கை. பிறப்பைவிடப் படிப்பு பெரிது என்று ஓர் அரசே ஒப்புக்கொண்டது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் பெண்கள் அந்த வாசலைத் தாண்ட முடியாது. அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

தென் அமெரிக்காவின் இன்கா ஆட்சியாளர்களோ எழுத்தே இல்லாமல் பேரரசு நடத்தினார்கள். மக்கள்தொகைக் கணக்கு முதல் கிடங்கு இருப்பு வரை எல்லாம் கயிற்று முடிச்சுகளில். அதைப் படிக்கவே தனியாகப் பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தார்கள்.