பாட்டி பெயரும் பேத்தி பெயரும்

முப்பது படுக்கை கொண்ட கிராமத்து மருத்துவமனையில் நோயாளிப் பதிவு மென்பொருளை மாற்றப்போகிறோம் என்றால், எந்தக் கம்பெனி, என்ன விலை என்றே பேச்சு ஓடும். ஆளைக் கவிழ்ப்பது பெயர்கள்தான். ஒரே செல்வி பழைய பதிவில் எம். செல்வி, செல்வி எம்., செல்வி முருகன் என மூன்று எண்களில் இருப்பார். கல்யாணமானதும் இனிஷியல் மாறியிருக்கும். பிறந்த தேதி இராது. வயதை வைத்துக் கணக்குப் போட்டு, பாதி ஊரையே ஜனவரி 1-இல் பிறக்கவைத்திருப்பார்கள். கைபேசி எண் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. வீட்டில் ஐந்து பேருக்கும் அதே எண். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கிற ஊரில், பெயரும் கைபேசியும் பொருந்தினால் இணைத்துவிடு என்று கணினியிடம் விட்டால், பாட்டியின் பென்சிலின் ஒவ்வாமை பேத்தி கணக்கில் ஏறிவிடும்.

ஆகவே இரண்டு மாதம் முன்பே, ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர், தெரு, பிறந்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டுத் திருத்தத் தொடங்க வேண்டும். அரசின் 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண்ணான ஆபா (ABHA) எண் இருந்தால் நல்லது. இல்லாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. சந்தேகமா, இணைக்காதீர்கள். இரட்டைப் பதிவைப் பிறகு சேர்க்கலாம். தவறாகச் சேர்த்ததைப் பிரிப்பது பெரும்பாடு.

பழைய கேஸ் ஷீட் எல்லாவற்றையும் ஏற்ற ஆசை வரும். ஒவ்வாமை, நடப்பு மருந்து, நோய்ப் பட்டியல், கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி போதும். மீதியைப் பழைய மென்பொருளில் படிக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்கவும், கேட்டால் 72 மணி நேரத்தில் தரவும் மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி.

பார்மசி இருப்பை ஏற்றும்போது அலகைப் பாருங்கள்: 40 ஸ்டிரிப் 40 மாத்திரையாகிவிடும்.

மாறுவதற்கு ஞாயிறு இரவு தோது. ஆனால் வார்டில் படுத்திருப்பவர்கள்? ஒன்பது மணி ஊசி பழைய சார்ட்டில் பதிந்திருக்கும். புதியதில் பாக்கி என்று காட்டும். நைட் டியூட்டி சிஸ்டர் இன்னொரு முறை போட்டுவிடலாம். கடைசி டோஸ் நேரத்தை இருவர் சேர்ந்து சரிபார்த்தே ஏற்ற வேண்டும். முதல் இரண்டு வாரம் ஓ.பி. சீட்டைப் பாதியாகக் குறையுங்கள்.

கரண்ட் போகும். கணினிக்கு யு.பி.எஸ். வாங்கியவர்கள் ரவுட்டரை மறந்திருப்பார்கள். வார்டுக்கு ஐம்பது காகிதப் படிவம் வையுங்கள். கரண்ட் வந்ததும் அவற்றைக் கணினியில் ஏற்றுவது எந்த ஷிப்டின் வேலை என்பதையும் அதிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் அவை மேசை டிராயரில்தான் கிடக்கும்.