ஃபோக்ஸ்டன் சுவருக்குள் ஓர் இளவரசி

இங்கிலாந்தின் கென்ட் அரச குலத்துக்குள் கிறிஸ்தவ விசுவாசத்தைக் கொண்டுவந்தவர் வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண். பிராங்கிய இளவரசி பெர்த்தா எத்தல்பெர்ட் மன்னரை மணக்கும்போதே, தன் வேதத்தை விடமாட்டேன் என்று பேசி முடித்து, லியுதார்ட் என்ற ஆயரையும் உடன் அழைத்து வந்தார். 597-இல் வேதம் போதிக்க அகுஸ்தினார் என்ற துறவி ரோமிலிருந்து வந்து சேர்ந்தபோது பூசை வைக்கக் கோயில் தயாராக இருந்ததென்றால், அது இந்த அம்மாளின் புண்ணியம்.

கேன்டர்பரியில் உள்ள அந்தப் புனித மார்ட்டின் கோயிலில் இன்றும் வழிபாடு நடக்கிறது. பீடத்தை ஒட்டிய பழஞ்சுவரில் ரோமானியர் காலத்துச் செங்கற்கள், தட்டையாக, செக்கச்செவேலென்று வரிவரியாகத் தெரிகின்றன. அதன்மேல் கைவைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெர்த்தா முழந்தாளிட்ட இடமல்லவா!

ஆனால் அவர் மகன் ஈட்பால்ட் அரியணை ஏறியதும் ஞானஸ்நானத்தை மறுத்தார். தகப்பனின் இரண்டாம் மனைவியையே மணந்துகொண்டார். பிறகுதான் மனம் திரும்பினார். அவருடைய மகள்தான் நான் தேடிப்போன புனித ஈன்ஸ்வித்.

அரசகுமாரி, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏழாம் நூற்றாண்டில் கென்ட்டின் ஃபோக்ஸ்டன் கடலோரத்தில் கன்னியர் மடம் அமைத்தார். மடத்துக்குத் தண்ணீர் இல்லாதபோது, அவர் ஜெபித்து ஓடைநீரை மேட்டில் ஏறவைத்தார் என்று ஊரார் வழிவழியாகச் சொல்கிறார்கள். நான் நம்புகிறேன்.

1535-இல், போப்பாண்டவரின் அதிகாரத்தை உதறிய எட்டாம் ஹென்றி மன்னரின் காலத்தில், அந்த ஊர் மடத்தை மூடினார்கள். நாடெங்கும் புனிதர்களின் கல்லறைகள் உடைக்கப்பட்ட காலம் அது. 1885-இல் ஃபோக்ஸ்டன் கோயிலின் வடசுவரில் வேலை செய்தவர்கள் ஓர் ஈயப் பேழையைக் கண்டெடுத்தார்கள். உள்ளே ஓர் இளம்பெண்ணின் எலும்புகள். 2020-இல் ஆய்வு முடிவு வந்தது: ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி, வயது ஏறத்தாழ 17 முதல் 20. ஈன்ஸ்வித்தின் காலமும் வயதும் அப்படியே பொருந்துகின்றன.

இருபதுகூட நிரம்பாத பிள்ளை! அதை நினைத்தபோதுதான் எனக்குக் கண் கலங்கியது. அரண்மனையை விட்டு வந்து, சில வருஷங்களே வாழ்ந்து, தொள்ளாயிரம் வருஷம் கழித்தும், தன்னைச் சுவருக்குள் ஒளித்துக் காப்பாற்றும் அளவுக்கு ஒரு ஊரின் அன்பைச் சம்பாதித்திருக்கிறாள். ஒளித்தது யாரென்று எந்த ஏட்டிலும் இல்லை. அந்தக் கைகளுக்காகவும் ஒரு அருள்நிறை மரியே சொன்னேன்.

இப்போது ஃபோக்ஸ்டன் கோயில் ஆங்கிலிக்கன் சபையுடையது, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையுடையது. ஆனால் கத்தோலிக்கரும் வந்து ஜெபிக்கிறார்கள். அந்த எலும்புகளாகிய திருப்பண்டம் பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில், கண்டெடுத்த இடத்திலேயே இருக்கிறது. போகிறவர்கள் கேன்டர்பரிக்கு முதலில் போங்கள். பாட்டியைக் கும்பிட்டுவிட்டுப் பேத்தியிடம் போவதுதான் முறை.