அணியத்தில் யார் இருப்பது?

ஒன்ராறியோவில் ஏரிப் பனி ஏப்ரலில் உடையும். மே நடுவில் பிக்கரல் மீன்பிடி தொடங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலுள்ள அந்த நாலைந்து கிழமைகளில்தான் படகுக் கடை வேலைக்காரருக்கு உயிர் போகும். வெறும் அலுமினிய ஓடாக வந்திறங்கும் படகுக்கு எஞ்சின் பூட்டி, வயர் இழுத்து, பற்றறி வைத்து, ஏரியில் ஓட்டிப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் கடை பீற்றர்பரோவுக்குப் பக்கத்தில்.

அப்படி ஒரு மே மாதம் ஓய்வுபெற்ற ஒருவருக்கு 16 அடி டில்லர் படகு ஒன்றைத் தயார் செய்தேன். டில்லர் படகில் ஸ்டியரிங் இல்லை. எஞ்சினிலிருந்து நீளும் கைப்பிடியைப் பிடித்தபடி பின்னாலேயே இருந்து ஓட்ட வேண்டும். காற்றுக்கு எதிராகப் பின்வளமாக மெல்ல நகர்ந்து தூண்டில் இழுப்பவர்கள் இதைவிட்டு வேறு படகுக்குப் போகமாட்டார்கள். 40 குதிரைவலு எஞ்சின், முன்னால் 24 வோல்ட் மின்மோட்டார், அதற்கு 12 வோல்ட் பற்றறி இரண்டு. ஈயப் பற்றறிதான், ஒன்று 30 கிலோ. இரண்டையும் பின்பக்கத்தில், எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பற்றறிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அங்கே தட்டு ஏற்கெனவே இருந்தது. வேலையும் சீக்கிரம் முடியும். உண்மையைச் சொன்னால் இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஏரியில் நான் ஓட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தார். கோபமில்லை, ஆனால் முகம் சரியில்லை. “வேகம் எடுக்கும்போது எனக்கு ஆகாயம்தான் தெரிகிறது” என்றார்.

அவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் கைப்பிடியைத் திருகியதும் படகின் மூக்கு எழும்பியது, இறங்கவே இல்லை. சாதாரணமாக மூக்கு ஒருமுறை தூக்கும், பிறகு படகு தண்ணீரின் மேல் ஏறிச் சறுக்கத் தொடங்கியதும் படிந்துவிடும். இது படிய மறுத்தது. எஞ்சினின் சாய்வை உள்ளே இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. நான் எழுந்து முன்னால் போனேன். படகு உடனே படிந்து ஓடியது.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. நான் 62 கிலோ. அவர் நூறுக்குக் குறையாது. கடைக்குத் திரும்பி ஒரு கார்ட்போர்ட் துண்டில் கணக்குப் போட்டேன். எஞ்சின் 98 கிலோ, ஸ்டார்ட் பற்றறி 20, நிரம்பிய பெற்றோல் தாங்கி 20, என் புண்ணியத்தில் பற்றறி 60, அவர் 100. படகின் வெறும் ஓடு 350 கிலோ. அதன் பின்கோடியில் மட்டும் நான் ஏறக்குறைய 300 கிலோவைக் குவித்து வைத்திருக்கிறேன். ஸ்டியரிங் உள்ள படகில் ஓட்டுபவர் நடுவில் இருப்பார், இந்தப் பிசகு இவ்வளவு பெரிதாகத் தெரியாது. டில்லரில் ஓட்டுபவரும் பின்பாரம்தான். எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்த நான் மனிதரை நிறுக்கவில்லை.

வெட்கமாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் என் ஐயாவிடம் 18 அடி பைபர் வள்ளம் இருந்தது. 15 குதிரைவலு எஞ்சின், அதுவும் கைப்பிடிதான். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னையும் ஏற்றிக்கொள்வார். எஞ்சின் பிடித்ததும் ஒரே கட்டளை: “அணியத்திலை போய் இரடா.” அணியம் என்றால் வள்ளத்தின் முன்கோடி. தொழில் பழக்கத்தான் கூட்டிக்கொண்டு போகிறார் என்று எனக்கு ஒரே பெருமை. நான் வராத நாட்களில் அதே இடத்தில் ஒரு மண்மூட்டை இருந்ததை ஒருநாள் கரையில் கண்டேன். அதைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

சரி, படகுக்கு வருவோம். பற்றறி இரண்டையும் தூக்கி முன்தளத்துக்குக் கீழே, மின்மோட்டாருக்குப் பக்கத்திலேயே வைத்தேன். 60 கிலோவை மூன்றரை மீற்றர் நகர்த்தினால் 210. அதை மொத்த எடை 650ஆல் பிரித்தால் எடை மையம் 32 சென்ரிமீற்றர் முன்னே வருகிறது. வயரும் குட்டையானது. அந்த மோட்டார் முழு வேகத்தில் 50 அம்பியருக்கு மேல் இழுக்கும். நீள வயரில் வோல்ட் இறங்கினால் இழுவையும் இறங்கும், அதனால் 3 சதவீதத்துக்கு மேல் விடக்கூடாது என்று தடித்த வயர் போடுவோம். பற்றறி பக்கத்தில் வந்ததும் அந்தக் கவலையும் போனது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தேன்.

அவர் தனியாகப் போன நாட்களில் படகு நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு சனிக்கிழமை நண்பர் இருவரை முன்னால் ஏற்றிக்கொண்டு ரைஸ் ஏரிக்குப் போனார். காற்று எழும்பியது. மூக்கு ஒவ்வோர் அலையையும் உழுதது, எல்லோரும் நனைந்தார்கள். இன்னொன்றையும் நான் யோசிக்கவில்லை. அலையில் அதிகம் தூக்கி அடிபடுவது முன்கோடிதான். 30 கிலோ ஈயம் அங்கே இருந்தால் ஒவ்வோர் அடியும் பற்றறிக்கு உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளுக்கும் அதைக் கட்டியிருக்கும் பட்டிக்கும்தான். ஒரு பட்டி தளர்ந்தே போயிருந்தது.

மூன்றாம் முறை அவசரப்படவில்லை. அவரையும் அவருடைய தூண்டில் பெட்டிகளையும் நங்கூரத்தையும் ஏற்றி, இரண்டு பற்றறியையும் கட்டாமல் படகின் நடுவில் வைத்து, கரையோரமாக மெல்ல ஓடி, நிறுத்தி, நகர்த்தி, மறுபடி ஓடிப் பார்த்தோம். பாதி நாள் போனது. முதலாளியின் முகத்தை நான் பார்க்கவேயில்லை. கடைசியில் அவை நின்ற இடம் நடு இருக்கைக்குக் கீழே, படகின் பின்கோடியிலிருந்து இரண்டு மீற்றர் முன்னால். அதுவும் நடுக்கோட்டில் அல்ல, இடது பக்கம். இடக்கையால் கைப்பிடியைப் பிடிப்பதால் அவர் வலது பக்கமாகவே இருக்கிறார். 100 கிலோ மனிதர் 35 சென்ரிமீற்றர் வலது பக்கம் என்றால், 60 கிலோ பற்றறி 58 சென்ரிமீற்றர் இடது பக்கம் போனால்தான் படகு நேராக நிற்கும்.

தட்டைப் பூட்டியதும் மீன் நிறுக்கும் தராசைக் கொளுவி இழுத்துப் பார்த்தேன். அமெரிக்கக் கரையோரக் காவல்படையின் விதி ஒன்று இருக்கிறது: 90 இறாத்தல் விசை, அல்லது பற்றறி எடையின் இரண்டு மடங்கு, எது குறைவோ அந்த விசையால் ஒரு நிமிடம் இழுத்தாலும் பற்றறி ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. பெற்றோல் எஞ்சின் உள்ளே இருக்கும் படகுகளுக்கு எழுதியது. நான் எல்லாப் படகுக்கும் அதைத்தான் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு டில்லர் படகு வாங்க வருபவர்களிடம் எடை எவ்வளவு என்று கேட்கத் தொடங்கினேன். கவுண்டரில் நின்று கேட்பதற்குச் சங்கடமான கேள்வி. பெரும்பாலானோர் பத்துக் கிலோ குறைத்தே சொல்வார்கள். நானும் மனதுக்குள் பத்தைக் கூட்டிக்கொள்வேன். யாரோடு போவீர்கள், நாய் வருமா என்றும் கேட்பேன். நண்பரைத் தள்ளி இருக்கச் சொல்லலாம், நாயிடம் அது நடக்காது.

இரண்டு வருடம் கழித்து அவர் மறுபடி வந்தார். பற்றறிகளை லிதியத்துக்கு மாற்றிவிட்டாராம். ஒன்று 13 கிலோதான், ஒரு கையால் தூக்கிக் காட்டினார். எனக்கும் அந்தப் பற்றறி பிடிக்கும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் படகு வலது பக்கம் சாய்கிறது, மூக்கும் மறுபடி தூக்குகிறது என்றார்.

34 கிலோ காணாமல் போயிருக்கிறது. எடையைக் குறைக்க ஆயிரக்கணக்கில் டொலர் கொட்டிய மனிதரிடம், குளிர்காலத்தில் பிக்கப் வண்டியின் பின்னால் போடும் நீள மணல் மூட்டை ஒன்றை வாங்கி வையுங்கள் என்று எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மணல் வேண்டாம் என்றார். நங்கூரத்தையும் சங்கிலியையும் ஐஸ் பெட்டியையும் முன்னால் இடது பக்கம் கொண்டுபோனோம். பற்றறித் தட்டை இரண்டடி முன்னே தள்ளினேன். பழைய தட்டுக்குத் துளைத்த நாலு ஓட்டைகளையும் அடைத்தேன். அந்தப் படகில் நான் துளைத்து நானே அடைத்தவை அத்தோடு எட்டு.