யோசனை சொல்லாதீங்க, கேள்வி கேளுங்க

ஆக்‌ஷன் லேர்னிங் குழு நடத்துவதில் எது கஷ்டம் என்று கேட்டால், வாயை மூடிக்கொண்டு உட்காருவதுதான் என்பேன். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ட்ரெய்னிங் பார்க்கிறேன், இத்தனை வருஷமாகப் பேசியே சம்பளம் வாங்கியவன்.

முறை என்னவோ எளிதுதான். ஐந்தாறு பேர் உட்காருவார்கள், அதில் ஒருவர் தன் வேலையில் நிஜமாகவே மாட்டிக்கொண்டு முழிக்கும் ஒரு பிரச்சினையைச் சொல்வார். அதற்கு விடை யாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடாது, அதே சமயம் அதில் ஏதாவது செய்ய அவருக்குக் கொஞ்சமாவது அதிகாரம் இருக்க வேண்டும். மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். கடைசியில் அடுத்த கூட்டத்துக்குள் என்ன செய்யப் போகிறார் என்று அவர் சொல்லிவிட்டுப் போக வேண்டும், செய்தாரா, என்ன ஆச்சு என்று அடுத்த முறை வந்து சொல்லவும் வேண்டும். இது இல்லையென்றால் டீ டைம் அரட்டைதான்.

இதைத் தொடங்கிய ரெஜ் ரெவன்ஸ் இங்கிலாந்துக்காரர், கேம்பிரிட்ஜில் இயற்பியல் ஆராய்ச்சி செய்தவர், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நீளம் தாண்டியவரும்கூட (நம் விஷயத்துக்குச் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை). இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நிலக்கரிச் சுரங்க மேனேஜர்களை ஒருவர் பிரச்சினையை இன்னொருவர் கேட்கும்படி உட்கார வைத்தார். குழுவை நடத்த ஒரு ஆள் நிரந்தரமாக உட்காருவதில் அவருக்கு உடன்பாடில்லை, ஆரம்பித்து வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. என் வேலைக்கே வேட்டு வைக்கிற கருத்துதான், ஆனாலும் அவர் சொன்னதே சரி என்று இப்போது நினைக்கிறேன்.

ஒருமுறை மெஷின் ஷாப் சூப்பர்வைசர் பேசினார். வெளியே ஃபவுண்டரியில் உருக்கி வார்த்து வரும் காஸ்டிங்கில் புளோ ஹோல் (உள்ளே வாயு சிக்கி விழும் ஓட்டை), அதுவும் மெஷினிங் எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிகிறது, அதுவரை போட்ட உழைப்பு முழுக்க வீண். அவர் முடிப்பதற்குள் குவாலிட்டிக்காரர், "வெண்டரை மாத்திப் பாக்கலாமே, ஏன் பாக்கல?" என்றார். கேள்விக்குறி போட்ட யோசனை இது, நம் ஆபீஸ்களில் கேள்வி என்று வருவதில் பாதி இப்படித்தான். "இது கேள்வியா சார், யோசனையா?" என்றேன். சிரித்துவிட்டார். அவரை அதட்டியிருந்தால் அன்றைக்கு வேறு யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தை நிரப்பிவிடத் துடிப்பதுதான் நடத்துபவனுடைய வியாதி, நான் பேனாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஸ்டோர்ஸில் சேர்ந்து அதிக நாள் ஆகாத பையன் ஒருவன், "ரிஜெக்ட் ஆனதெல்லாம் ஒரே ஹீட்ல வந்ததாண்ணா, இல்ல வேற வேறயா?" என்று கேட்டான் (ஹீட் என்பது ஃபவுண்டரியில் ஒரு தடவை உருக்கி ஊற்றும் உலோகம், அதற்கு ஒரு நம்பர் இருக்கும்). சூப்பர்வைசருக்குத் தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை. ரிஜெக்‌ஷனை மாதக் கடைசியில் வெண்டர் பேரில் மொத்தமாக எழுதுவதுதான் வழக்கம், ஹீட் நம்பரை யாரும் குறித்ததே இல்லை. அடுத்த கூட்டம் வரை ரிஜெக்ட் ஆகும் ஒவ்வொரு பீஸின் ஹீட் நம்பரையும் எழுதி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதிப் பார்த்ததில் பெரும்பாலானவை சில ஹீட்டுகளிலேயே இருந்தன. அந்தப் பட்டியலோடு ஃபவுண்டரிக்குப் போனார். புளோ ஹோல் இன்னும் முழுசாக நிற்கவில்லை, ஆனால் சண்டையாக இருந்தது இப்போது பேச்சாக இருக்கிறது.

அந்தப் பையனின் நேரடி மேலதிகாரி அங்கே இருந்திருந்தால் அவன் கேட்டிருப்பானா? மாட்டான், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். அதனால் மேலதிகாரியையும் அவருக்குக் கீழே இருப்பவரையும் ஒரே குழுவில் போடுவதில்லை. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இன்னொரு தகராறு ரிப்போர்ட். யார் என்ன பேசினார்கள் என்று எழுதிக் கொடு என்று மேலிருந்து கேட்கிறார்கள். யார் என்ன செய்வதாக ஒப்புக்கொண்டார், செய்தாரா என்பதை மட்டும், அதுவும் அவர் சரி என்றால்தான், கொடுக்கிறேன். எங்கள் ஜி.எம்.முக்கு இதில் திருப்தி இல்லை. அந்தக் குழுவை இப்போது மெஷின் ஷாப் சூப்பர்வைசரே நடத்துகிறார், கூப்பிட்டால் மட்டும் போகிறேன், ரிப்போர்ட்டை இனி அவரிடமே கேட்டுக்கொள்ளட்டும்.