9.80-க்கு நாலு மார்க்

விடை சரியாக இருந்ததற்காக மார்க்கைக் குறைத்தார்கள் என்றால் காரைக்குடியில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். எனக்கு நடந்தது. டொராண்டோ வந்து மூன்றாவது வாரம், முதல் வருஷ இயற்பியல் லேப். நூலில் குண்டைக் கட்டி ஆட்டிவிட்டு, புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் செய்த அதே தனி ஊசல். இதற்கா விமானம் ஏறி வந்தோம் என்று சிரிப்புதான் வந்தது.

எனக்குப் புத்தகத்தில் உள்ளபடியே 9.80 வந்தது. வந்தது என்ன, வரவழைத்தேன். விடையை முதலில் எழுதிக்கொண்டு, பின்பக்கமாக நடந்து அலைவு நேரத்துக்கு வந்து சேரும் வித்தை எங்கள் செட்டில் எல்லோருக்கும் அத்துப்படி.

பத்துக்கு நாலு. ஓரத்தில் சிவப்பு மையில் ± என்று ஒரு குறி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான்.

சண்டை போடுகிற மாதிரிதான் கேட்கப் போனேன். லேப் நடத்தியவர் என்னைவிட நாலைந்து வயசு மூத்த ஆராய்ச்சி மாணவர். "ஸ்டாப்வாட்சை அமுக்குகிற விரல் 0.2 விநாடி முன்னே பின்னே போகுமே, அதை எங்கே காணோம்?" என்றார். 80 சென்டிமீட்டர் நூல், இருபது அலைவுக்கு 36 விநாடி. அதில் 0.2 தவறினால் அரை சதவீதம். சூத்திரத்தில் நேரம் வர்க்கமாக வருவதால் விடையில் அது இரட்டிப்பாகும். இரண்டாம் தசமம் வரை சத்தியம் பண்ண எனக்கு யோக்கியதை இல்லை. மறுபடி ஆட்டி, மறுபடி எண்ணி, வந்ததை வந்தபடியே எழுதினேன்: 9.71 ± 0.11, அதாவது 0.11 முன்னே பின்னே இருக்கலாம். ஒன்பது மார்க்! 'தப்பான' விடைக்கு!

நோட்டு விஷயம் இன்னும் மோசம். பேனாவில்தான் எழுத வேண்டும். பிழையை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். ஊரில் இடப்பக்கம் பென்சில் படம், வலப்பக்கம் முத்து முத்தாகக் கையெழுத்து என்று ரெக்கார்டு நோட்டில் வாழ்ந்தவள் நான். அத்தை மகனுக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். இங்கே என் நோட்டைப் பார்த்தால் கோழி கிளறிய குப்பை.

ஆனால் அந்த ஒற்றைக் கோட்டை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று ரெண்டு நாள் உறுத்தியது. ஐயாவின், அதாவது தாத்தாவின், கணக்குப் பேரேடு. தப்பு விழுந்தால் சுரண்டவிட மாட்டார்கள். "கோடு போடு, அடியில இருக்கிறது தெரியணும்." அதே ஐயாதான் ஒரு ரூபாய் உதைத்தால் ராத்திரி சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து தேடுவார்கள். அவர்களிடம் போய் "ஒரு ரூபாய் முன்னே பின்னே இருக்கும் ஐயா, ± போட்டுக்கங்க" என்று சொல்லியிருந்தால் கணக்குப் பெட்டியே பறந்து வந்திருக்கும்.

இப்போது பழகிவிட்டது. ரசம் வைக்கும்போதுகூட உப்புக்கு ± போடுகிறேன். மேப்பிள் இலை சிவந்தால் போட்டோ எடுக்காமல் நடக்கிறேன். ஊர் ஞாபகம் அவ்வளவாக வருவதில்லை.

போன வாரம் ஒன்று தெரிந்தது. பூமி நடுவில் கொஞ்சம் பருத்தது, சுற்றவும் சுற்றுகிறது. அதனால் பூமத்திய ரேகைப் பக்கம் இழுப்பு குறைவு. காரைக்குடியில் சுமார் 9.78, டொராண்டோவில் சுமார் 9.80. ஊரில் நான் உண்மையிலேயே லேசாக இருந்திருக்கிறேன்! இழுப்பு கூடினால் ஊசல் வேகமாக ஆடும். ஆக, ஊர் வீட்டு முகப்பில் தொங்கும் ரங்கூன் பெண்டுலக் கடிகாரத்தை இங்கே கொண்டுவந்து மாட்டினால் ஒரு நாளைக்கு ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் முந்தி ஓடும். ஐயாவின் அப்பச்சி (அப்பா) கொண்டுவந்தது. பெண்டுலத்துக்கு அடியில் ஒரு திருகு உண்டு. மெதுவாக ஓடினால் குண்டை ஒரு பொட்டு ஏற்றுவார்கள், முந்தினால் இறக்குவார்கள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே நான் நிற்பேன். நூலைச் சுருக்கினால் அலைவு நேரம் குறையும் என்று பரீட்சையில் மனப்பாடமாக எழுதிய எனக்கு, அந்தத் திருகும் இதுவும் ஒன்று என்று தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பத்தா வீடியோவில் வந்தார்கள். தலைக்குப் பின்னால் கடிகாரம். ஐயா போனபிறகும் அப்பத்தாதான் சாவி கொடுத்து ஓடவிடுகிறார்கள்.

"ஏத்தா, சாப்பிட்டியா? என்ன, பேச்சையே காணோம்? உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"ஒன்னுமில்ல அப்பத்தா. செத்த அசையாம இருங்க. பதினேழு… பதினெட்டு…"