எம்35ஏ2 ராணுவ லாரியை உயர்த்தப் போய் நான் பட்ட பாடு

நான்கு அங்குலம் உயர்த்துவதாகத் தொடங்கிய வேலை, ஐந்து வார இறுதிகளையும் முறிந்த இரண்டு ஸ்டட்களையும் (சக்கர நட்டுகள் ஏறும் திருகாணிகள்) ஒரு வீண் பயணத்தையும் விழுங்கிவிட்டு, முன்பக்கம் மட்டும் இரண்டு அங்குலம் என்ற அளவில் வந்து நின்றிருக்கிறது. அரிசோனாவின் மணல் ஓடைகளிலும் கல் பாதைகளிலும் ஓட்டுவதற்காக, அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். ஏலம், பதிவுக்குத் தேவையான எஸ்எஃப்-97 என்ற அரசுச் சான்றிதழ், பதிவு எல்லாம் பொறுமையாகக் காத்திருந்தால் தாமாக நடக்கும் காரியங்கள்; அவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. என்னைப் படுத்தியது ஸ்பிரிங்தான்.

மூன்று அச்சுகளும் இழுக்கும் இந்த வண்டி வெறுமையாகவே ஏறத்தாழ 5,900 கிலோ எடை கொண்டது. என் வண்டியின் மூக்கில் பத்தாயிரம் பவுண்டு இழுக்கும் வின்ச்சும் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) இருப்பதால், முன் ஸ்பிரிங்குகளின் இரும்புப் பட்டைகள் பல ஆண்டுகளாக அந்தச் சுமையைத் தாங்கித் தளர்ந்து போயிருந்தன. 9.00-20 அளவு டயர்களைக் கழற்றிவிட்டு, அவற்றைவிடப் பெரிய 395/85ஆர்20 டயர்களை மாட்டியதும், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிய நிலையில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் டயரின் தோள் மட்கார்டு விளிம்பை உரசத் தொடங்கியது. உயர்த்தலாம் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் சட்டமும் கேபினும்தான் மேலே போகும். பாறையில் முதலில் இடிக்கும் டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் உள்ள பற்சக்கரப் பெட்டி) இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் ஒன்றுதான், என் வண்டியில் அது ஏழரை சென்டிமீட்டர் உயர்த்தியது. இதைவிடப் பெரிய 14.00ஆர்20 டயர் மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரும் மயங்க வேண்டாம்: பின் அச்சுகள் இரண்டுக்கும் இடைவெளி 48 அங்குலம், அந்த டயரின் விட்டம் ஏறக்குறைய 49 அங்குலம். என் 46 அங்குல டயர்களுக்கு நடுவிலேயே மூன்று விரல் நுழையும் இடம்கூட இல்லை.

முதல் சனிக்கிழமையே வண்டி என்னைத் தலைகுனிய வைத்தது. வலப்பக்கச் சக்கரத்தின் ஆறு நட்டுகளும் நீண்ட ஸ்பேனர் கம்பிக்கு இணங்கிக் கழன்றுவிட, இடப்பக்கத்து நட்டுகள் அசையவே மறுத்தன. துருதான் என்று முடிவுகட்டி, எண்ணெயை ஊற்றி ஊறவைத்து, கம்பியின் பிடியில் ஆறடிக் குழாயைச் செருகி, என் எடை முழுவதையும் அதன்மேல் ஏற்றினேன், ஸ்டட் முறிந்தது. இரண்டாவதும் முறிந்த பிறகுதான் ஸ்டட்டின் முனையைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். நெல்மணி அளவில் 'எல்' என்ற எழுத்து பொறித்திருந்தது. இந்த வண்டியில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மரை எதிர்ப்பக்கம் ஓடுகிறது. கழற்ற வேண்டுமானால் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். அரை மணி நேரமாக நான் இறுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ராணுவக் கையேடான டிஎம் 9-2320-361-20 என் மேசைமேல், ஒரு பக்கமும் புரட்டப்படாமல் கிடந்தது.

அன்றைய தினத்துக்கு அது போதாது என்பதுபோல, ஜூன் வெயிலில் இளகியிருந்த தார்த் தளத்தில் ஜாக்கி ஸ்டாண்டின் ஒரு கால் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. நான் வண்டிக்கு அடியில் இல்லை என்பது என் அதிர்ஷ்டம். தார்த் தளம்தான் கதியென்றால், காலுக்கடியில் கனமான இரும்புத் தகடு வைக்காமல் தொடங்காதீர்கள்.

கழற்றிய முன் ஸ்பிரிங்குகளை என் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு, சுமார் 180 கிலோமீட்டர் தொலைவில் டூசானில் உள்ள ஒரு ஸ்பிரிங் பட்டறைக்குப் போனேன். பட்டைகளை மீண்டும் வளைத்து, கூடுதலாக ஒரு பட்டை சேர்த்து, ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் புதிய யூ போல்ட்களும் தர வேண்டும் என்று கேட்டேன். முன்மேசையில் இருந்தவர் வண்டியின் அடையாள எண்ணைக் கேட்டார். கொடுத்தேன். பதினேழு எழுத்து இல்லாவிட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது என்றார். அந்தப் பதினேழு எழுத்து முறை 1981 மாடல் வண்டிகளிலிருந்துதான் கட்டாயம் என்றும், என் வண்டி அதற்கு முந்தையது என்றும், அதிலும் ராணுவ வரிசை எண் கொண்டது என்றும் நிதானமாக விளக்கினேன். இரண்டரை டன் சுமை வகை வண்டி என்று நான் சொன்னது மட்டும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். தலையை ஆட்டி எதையோ தட்டி ரசீதை நீட்டினார். ஒரு வாரம் கழித்துப் பெற்றுக்கொண்டு வந்து, வீட்டில் பெட்டியைப் பிரித்தபோது, யூ போல்ட்களின் உள் அகலம் என் ஸ்பிரிங்கின் அகலத்தைவிடக் குறைவாக இருந்தது. ரசீதை அப்போதுதான் ஊன்றிப் படித்தேன்: 2500 வரிசை பிக்கப் ஒன்றின் பெயர் அதில் இருந்தது. போகவர 360 கிலோமீட்டர் மறுபடியும் ஓட்டிப் போனால், சிறப்பு ஆர்டரைத் திரும்பப் பெறுவதில்லை என்றார்கள்.

இதற்குத் தீர்வு வீட்டருகிலேயே இருந்தது. வெறும் கம்பியிலிருந்து யூ போல்ட் வளைத்துத் தரும் ஒரு சிறிய கடையில் பழைய போல்ட்டையே மேசைமேல் வைத்தேன். கம்பியின் தடிமன், உள் அகலம், காலின் நீளம் ஆகிய மூன்றையும் அளந்துகொண்டு, வண்டியின் பெயரைக்கூடக் கேட்காமல் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார்கள். வண்டியின் பெயரைச் சொல்லி எதையும் வாங்காதீர்கள், பழைய பாகத்தைக் கையில் கொண்டு போங்கள். பழைய யூ போல்ட்டைத் திரும்ப மாட்டும் சிக்கனமும் வேண்டாம்; ஒரு முறை இறுக்கி நீண்ட கம்பி மீண்டும் அதே பிடிப்பைத் தராது.

பின்பக்கத்தில் நான் செய்தது முழு முட்டாள்தனம். அங்கே ஸ்பிரிங்கின் நடுப்பகுதி குறுக்குத் தண்டில் ஆடும் ஓர் இருக்கைமேல் கட்டப்பட்டிருக்கும். முனைகள் இரண்டும் இரண்டு அச்சுகளின்மேல் சும்மா அமர்ந்திருக்கும். அச்சுகளை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பவை அச்சுக்கு மூன்றாக உள்ள டார்க் ராடுகள். குறுக்குத் தண்டை நான்கு அங்குலம் கீழே இறக்கும் இரும்புத் துண்டுகளை ஒருவரிடம் வாங்கிப் பொருத்தினேன். கீழ் ராடுகள் தண்டோடு சேர்ந்து இறங்கின; மேல் ராடோ சட்டத்தில் பழைய இடத்திலேயே நின்றது. அதன் நீளம் மாறாததால், சரிவு கூடக்கூட அச்சின் மேற்பகுதியை அது தன் பக்கம் இழுத்து, அச்சையே சற்று உருட்டிவிட்டது. இரண்டு பின் அச்சுகளுக்கும் இடையே சுழற்சியைக் கடத்தும் ஷாஃப்ட் மிகக் குட்டையானது. அதன் ஜாயின்ட்களின் கோணங்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போயின. 50 கிலோமீட்டர் வேகத்தில் தரை முழுவதும் அதிர்ந்து, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வைத்திருந்த ஸ்பேனர்கள் தாமாகவே ஊர்ந்து வெளியே வந்தன. மறுநாளே எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். பொருத்திப் பார்த்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று விற்றவர் சொன்னதில் எனக்கு வியப்பில்லை.

பிரேக் குழாயைப் பற்றி மட்டும் யாரும் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. முன் அச்சு முழுமையாகத் தொங்கிய நிலையில், சட்டத்திலிருந்து இறங்கும் ரப்பர் குழாய் கொடிக்கயிறுபோல விறைத்து நின்றது. உதிரிபாகக் கடைக்காரர் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, அறுந்தால் வாருங்கள் என்று சிரித்தார். எம்35ஏ2 வண்டியில் பிரேக் எண்ணெய் ஓடும் ஹைட்ராலிக் சுற்று ஒன்றே ஒன்றுதான். ஒரு குழாய் அறுந்தால் ஆறு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும், மிஞ்சுவது, இழுவையை அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் உள்ள கைப்பிரேக் மட்டுமே. நீளமான குழாயை வேறு இடத்தில் செய்து வாங்கினேன். அதே கடைக்காரர் கையில் திணித்த டாட் 3 வகை பிரேக் எண்ணெயை நல்லவேளையாக ஊற்றவில்லை. ராணுவ வண்டிகளில் இருப்பது டாட் 5 சிலிகான் எண்ணெய், இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது.

முன்பக்கம் உண்மையாகவே நான்கு அங்குலம் உயர்ந்தது. அதுவே கடைசிச் சிக்கல். ஸ்டீயரிங்கை முன் சக்கரங்களோடு இணைக்கும் தண்டான டிராக் லிங்க்கின் சரிவு கூடியதால், நேராக ஓட்டும்போதே ஸ்டீயரிங் சக்கரம் கோணலாக நின்றது. ஒவ்வொரு குழியிலும் அது கையைப் பிடித்து இழுத்தது. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் அந்த இழுப்பு மணிக்கட்டுக்குத் தெரியும். சேர்த்த பட்டையை எடுத்துவிடுவதென்று முடிவு செய்தேன். பட்டைக் கட்டின் நடு போல்ட்டைக் கழற்றும் முன், இருபுறமும் கனமான சி கிளாம்ப்பால் இறுக்குங்கள். இல்லையென்றால் பட்டைகள் விரிந்து பாயும். பட்டையை எடுத்த பிறகு உயரம் இரண்டே முக்கால் அங்குலமாகக் குறைந்து, பத்து நாள் ஓட்டத்தில் இரண்டுக்கு அமர்ந்தது. டயர் உரசுவதில்லை, ஸ்டீயரிங்கும் இப்போது கையோடு சண்டை போடுவதில்லை.

முதல் 150 கிலோமீட்டருக்குப் பிறகு யூ போல்ட் நட்டுகளை மறுபடியும் இறுக்கினேன். ஒவ்வொன்றும் கால் சுற்று வாங்கியது, வலது முன்பக்கத்தில் ஒன்று மட்டும் ஏறக்குறைய அரைச் சுற்று. அடுத்த 150க்குப் பிறகு அதை இன்னொரு முறை பார்க்க வேண்டும். இடப்பக்கச் சக்கரங்கள் மூன்றிலும் ஹப்பைச் சுற்றிச் சிவப்புப் பெயின்ட்டில் அம்புக்குறி போட்டிருக்கிறேன்.